டிக்கெட்டில் இருக்கும் அந்த ஓர் எழுத்து: வாசகர் கேள்வி – பதில்

விமான டிக்கெட் தேதியை மாற்றுவது பற்றியும், பறந்து சேர்த்த மைல்களை (விமான நிறுவனங்கள் தரும் வெகுமதிப் புள்ளிகளை) கொடுத்து மேல் வகுப்புக்குப் போவது (அப்கிரேடு) பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்ததால் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: இரு வழி டிக்கெட் எடுத்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டேன். திரும்பும் தேதியை நான்கு நாள் தள்ளக் கேட்டால், டிக்கெட்டில் போட்டிருக்கும் மாற்றுக் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு கேட்கிறார்கள். அதே நாளுக்கு ஒரு வழி டிக்கெட்டே இணையதளத்தில் அதைவிடக் குறைவு. இது நியாயமா?

பதில்: அவர்கள் சொன்ன கணக்கு அநேகமாக சரிதான். ஆனால் தொகையைக் குறைக்க வழி இருக்கிறது.

மாற்றத்துக்கு நீங்கள் கொடுப்பது மூன்று தனித்தனி தொகைகள்: மாற்றுக் கட்டணம், கட்டண வித்தியாசம், வரி வித்தியாசம். முதலாவது மட்டும்தான் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும். பணத்தை விழுங்குவது இரண்டாவது.

எகானமி என்பது வெளியே பார்க்கத்தான் ஒரே வகுப்பு. உள்ளே அது பத்துப் பன்னிரண்டு கட்டண வகுப்புகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஒய் என்றால் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் முழுக் கட்டண எகானமி. அதற்கடுத்த பி, எம், எச் போன்றவை பெரும்பாலும் விலை கூடியவை. மலிவானவை எந்த எழுத்தில் வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் இ-டிக்கெட் ரசீதில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் ‘கிளாஸ்’ என்ற இடத்தில் அந்த எழுத்து இருக்கும். நீங்கள் எல் வகுப்பில் எடுத்திருந்து, புதிய தேதியிலும் எல் திறந்திருந்தால், கட்டண வித்தியாசம் வராமல் போகலாம். அங்கே எல் தீர்ந்து எம் மட்டும் மிச்சமிருந்தால், எல்லுக்கும் எம்முக்கும் உள்ள இடைவெளி முழுவதும் உங்கள் தலையில்.

எழுத்து திறந்திருந்தும் வித்தியாசம் வரும் இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு. ஒன்று, அதிகபட்சத் தங்கல். மலிவுக் கட்டணங்கள் பலவற்றில் ஒரு மாதம், மூன்று மாதம் என்று எல்லை இருக்கும். புதிய தேதி அந்த எல்லையை ஒரு நாள் தாண்டினாலும் வேறு கட்டணத்துக்கு ஏற்றிவிடுவார்கள். இன்னொன்று, முன்கூட்டி வாங்கும் நிபந்தனை. 7, 14 அல்லது 21 நாளுக்கு முன் எடுத்தாக வேண்டும் என்று கட்டண விதியில் இருந்தால், பயணம் தொடங்காத டிக்கெட்டை அந்தக் கெடுவுக்குள் மாற்றும்போது பழைய கட்டணம் கிடைக்காது.

ஆகவே, ‘எனக்கு 18-ஆம் தேதிதான் வேண்டும்’ என்று சொல்லி போனை வைத்துவிடாதீர்கள். ‘என் வகுப்பு எழுத்து எந்தெந்த நாளில் திறந்திருக்கிறது?’ என்று கேளுங்கள். ஒரு நாள் முன் பின்னாக, அல்லது அதே நாளின் விடியற்காலை விமானத்தில், அது கிடைப்பது சகஜம். கேட்டால் சொல்வார்கள், தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு வழி டிக்கெட் உண்மையிலேயே மலிவாக இருந்தால் அதையே வாங்கிக்கொள்ளலாம். மிச்சமிருப்பது கடைசிப் பயணப் பகுதி மட்டும் என்பதால் பாதிக்கப்பட வேறு பகுதி இல்லை. ஆனால் பழைய பகுதியை விமானம் புறப்படுமுன் ரத்து செய்யுங்கள். திருப்பித் தராத டிக்கெட்டிலும் விமான நிலைய வரிகளைப் பல நிறுவனங்கள் கேட்டால் திருப்பித் தரும். வராமல் விட்டவர் கணக்கில் சேர்ந்துவிட்டால் அதுவும் கைக்கு வராமல் போகலாம். முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏறலாம் என்று மட்டும் ஒருபோதும் நினைக்காதீர்கள். முதல் விமானத்தில் ஏறாவிட்டால் பொதுவாக அதன் பிறகுள்ள எல்லாப் பகுதிகளும் தானாக ரத்தாகும்.

கேள்வி: பிசினஸ் கிளாஸுக்கு மாறத் தேவையான மைல் கணக்கில் இருக்கிறது என்ற தைரியத்தில் இருப்பதிலேயே மலிவான எகானமி டிக்கெட்டை வாங்கினேன். இப்போது ‘இந்த டிக்கெட்டுக்கு அப்கிரேடு இல்லை’ என்கிறார்கள். விமானத்தின் இருக்கைப் படத்தில் பிசினஸ் பாதி காலியாகத் தெரிகிறது!

பதில்: நிறையப் பேர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

மைல் கொடுத்து மேலே போக இரண்டு கதவுகள் திறக்க வேண்டும். முதல் கதவு, உங்கள் கட்டண எழுத்து. மேலே சொன்ன அதே எழுத்துதான். ஒவ்வொரு மைலேஜ் திட்டமும் எந்தெந்த எழுத்துகளை மேலே ஏற்றலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அடிமட்டக் கட்டணங்கள் பல நிறுவனங்களில் அதில் இருப்பதில்லை. இருந்தாலும் மைல் கூடுதலாகக் கேட்பார்கள், சிலர் மைலோடு ரொக்கமும் கேட்பார்கள். விமான நிறுவனக் கூட்டணியில் உள்ள வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் அப்கிரேடு கேட்டால் பட்டியல் இன்னும் குறுகிவிடும். ஒய், பி போன்ற உச்சக் கட்டணங்கள் மட்டும் தேறும் என்ற நிலை சாதாரணம்.

இரண்டாவது கதவு, அப்கிரேடுக்கென்று ஒதுக்கிய இடம். பணத்துக்கு விற்க வைத்திருக்கும் பிசினஸ் இருக்கைகளும் மைலுக்குத் தரும் இருக்கைகளும் கணினியில் வேறு வேறு பெட்டி. யுனைடெட் நிறுவனத்தில் மைல் அப்கிரேடு பெட்டியின் பெயர் பி.இசட்., அமெரிக்கன் நிறுவனத்தில் சி. விற்பனைப் பெட்டியில் 9 இடம் இருக்கும்போது இந்தப் பெட்டியில் பூஜ்யம் இருப்பது வெகு சாதாரணம். இருக்கைப் படத்தை நம்பவே வேண்டாம். டிக்கெட் வாங்கிவிட்டு இன்னும் இருக்கை எண் தேர்ந்தெடுக்காதவர்களும் அதில் காலி இடமாகத்தான் தெரிவார்கள். சில நிறுவனங்களின் அப்கிரேடு பெட்டி நிலவரத்தை எக்ஸ்பர்ட்ஃப்ளையர் போன்ற கட்டணச் சேவைகள் காட்டும். இல்லாவிட்டால் மைலேஜ் திட்டத்தின் சேவை மையத்துக்கு போன் செய்து, ‘இன்ன விமானம், இன்ன தேதி, உடனே உறுதியாகும் அப்கிரேடு இடம் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். டிக்கெட் வாங்கும் முன்பே கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பல திட்டங்களில் ஒரு படிதான் ஏற முடியும். விமானத்தில் பிரீமியம் எகானமி (எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவிலுள்ள வகுப்பு) இருந்தால், எகானமி டிக்கெட் உங்களை அங்கே மட்டுமே கொண்டுபோகும். பிசினஸ் வேண்டுமானால் முதலில் பிரீமியம் எகானமிக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும். அதே வழித்தடத்தில் பிரீமியம் எகானமி இல்லாத விமானமும் பறந்தால், அதைத் தேர்ந்தெடுப்பது மைல் வைத்திருப்பவருக்கு லாபம்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். எடுத்து 24 மணி நேரம் ஆகவில்லை என்றால் உடனே விதியைப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி, அந்த நாட்டோடு தொடர்புள்ள விமானத்துக்கு நேரடியாக நிறுவனத்திடம், புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்ய முடியும். அல்லது பணம் கட்டாமல் 24 மணி நேரம் அதே விலையில் நிறுத்திவைக்க முடியும். நிறுவனம் இந்த இரண்டில் ஒன்றைத் தர வேண்டும். மற்ற இடங்களிலும் பல நிறுவனங்கள் தாமாகவே இப்படி ஓர் அவகாசம் தருகின்றன. அவகாசம் கடந்துவிட்டால், அப்கிரேடு கிடைக்கும் எழுத்துக்கு மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்கள். கட்டண வித்தியாசம் கட்டி, புதிய டிக்கெட்டில் மைலைப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டாவது கதவு திறந்திருப்பதை உறுதி செய்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

கேள்வி: அப்கிரேடுக்கு மைல் செலவழிப்பது லாபமா, முழு டிக்கெட்டையே மைலில் எடுப்பது லாபமா?

பதில்: ஒரு மைலுக்கு எவ்வளவு பணம் மிச்சம் என்று பாருங்கள். அந்தக் கணக்கில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு தொகை உண்டு.

உதாரணமாக, பிசினஸ் டிக்கெட் 1,500 டாலர், மலிவு எகானமி 700, அப்கிரேடு கிடைக்கும் எகானமி 900 என்று வைத்துக்கொள்வோம். அப்கிரேடுக்கு 25,000 மைலும் 150 டாலர் ரொக்கமும் கேட்கிறார்கள். பலரும் 1,500-லிருந்து 700-ஐயும் 150-ஐயும் கழித்து, 650 டாலர் மிச்சம், மைலுக்கு 2.6 சென்ட் என்று மகிழ்ந்துபோகிறார்கள். நீங்கள் வாங்க வேண்டியது 700 டாலர் டிக்கெட் அல்ல, 900 டாலர் டிக்கெட். மிச்சம் 450 டாலர்தான், மைலுக்கு 1.8 சென்ட். இதே முறையில் மைல் டிக்கெட்டையும் கணக்கிடுங்கள்: பண விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்கு நீங்கள் கையிலிருந்து கட்டும் வரியையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் கழித்து, மைல் எண்ணிக்கையால் வகுங்கள். வரி விவரத்தில் ஒய்.க்யூ. அல்லது ஒய்.ஆர். என்று வருவது விமான நிறுவனம் தனக்கு வசூலிக்கும் கூடுதல் கட்டணம். சில திட்டங்களில் அதுவே பெரிய தொகை.

அப்கிரேடு பக்கம் ஒரு சாதகம் உண்டு. பணம் கொடுத்த டிக்கெட் என்பதால் பறந்த பிறகு மைல் சேரும். ஆனால் நீங்கள் வாங்கிய எகானமி எழுத்துக்குரிய மைல்தான் சேரும், பிசினஸுக்குரியது அல்ல. மைல் டிக்கெட்டில் பொதுவாக எதுவும் சேராது. மாற்றம் வரலாம் என்று தோன்றும் பயணத்துக்கு மைல் டிக்கெட்டைப் பரிந்துரைப்போம். பல திட்டங்களில் அதை ரத்து செய்து மைலைத் திரும்பப் பெறும் கட்டணம், மலிவு டிக்கெட்டை மாற்றும் செலவைவிடக் குறைவு.

கேள்வி: அப்கிரேடு வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறேன். எப்போது தெரியும்? என்ன செய்ய வேண்டும்?

பதில்: மைல் இடங்கள் அதிகம் திறப்பது இரண்டு காலங்களில். விற்பனை தொடங்கும் சமயம், அதாவது புறப்பாட்டுக்குச் சுமார் 330 முதல் 360 நாளுக்கு முன். பிறகு, விற்காத இடம் எவ்வளவு என்று நிறுவனத்துக்குத் தெளிவாகும் கடைசி இரண்டு வாரம். நடுவே மாதக்கணக்கில் அசைவே இருக்காது, பதற வேண்டாம்.

வரிசை வந்த நேரப்படி மட்டும் நகராது. பெரும்பாலும் முதலில் மைலேஜ் திட்டத்தில் உங்கள் உறுப்பினர் நிலை, அடுத்து கட்டண எழுத்து, அதன் பிறகே கேட்ட நேரம். கடைசி 24 மணி நேரத்தில் பட்டியல் விமான நிலைய ஊழியர்களின் கைக்கு மாறும். சில நிறுவனங்களில் அந்த மாற்றத்தில் பெயர் தானாகப் போய்ச் சேராது. செக்-இன் செய்தவுடன் ‘அப்கிரேடு பட்டியலில் என் பெயர் இருக்கிறதா?’ என்று கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏறும் வாசலிலும் கேளுங்கள்.

கிடைத்துவிட்டால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சிறப்பு உணவு சொல்லியிருந்தால் வகுப்பு மாறும்போது அது விடுபட்டுப்போகலாம், மறுபடி சொல்லுங்கள். எகானமியில் கூடுதல் பணம் கொடுத்துப் பிடித்த இருக்கையின் தொகையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும், ரசீதை வைத்திருங்கள். பெட்டி எடையும் லவுஞ்ச் அனுமதியும் புதிய வகுப்புப்படியா பழைய டிக்கெட்படியா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், பெட்டி கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

கிடைக்காவிட்டால் முன்பே கழித்த மைல் திரும்ப வரும். ஒரு வாரம் ஆகியும் கணக்கில் ஏறாவிட்டால் எழுதிக் கேளுங்கள். இரண்டு விமானம் மாறும் பயணத்தில் ஒன்றுக்கு மட்டும் கிடைத்திருந்தால் இதை அவசியம் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: நானும் என் கணவரும் ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவுக் குறியீட்டில்) இருக்கிறோம். ஒருவருக்கு மட்டும் போதுமான மைல் இருக்கிறது.

பதில்: பி.என்.ஆரை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்தால் புதிய ஆறெழுத்துக் குறியீடு ஒன்று கிடைக்கும். டிக்கெட் எண்கள் மாறாது. இரண்டையும் குறிப்பு போட்டு இணைத்து வைக்கச் சொல்வது நல்லது, விமானம் ரத்தானால் ஒன்றாக மாற்றுவார்கள். இருவருக்குமே அப்கிரேடு கேட்டிருந்தாலும் இந்த யோசனை பொருந்தும். பட்டியலில் ஓர் இடம் மட்டும் காலியானால், இரண்டு பேர் உள்ள பி.என்.ஆரைச் சில நிறுவனங்கள் தாண்டிப் போய்விடும். சிறு குழந்தை இருக்கும் பி.என்.ஆரிலிருந்து பெரியவர்களைப் பிரித்து, குழந்தையைத் தனியே விட மாட்டார்கள்.

கேள்வி: விமான நேரம் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது, ‘ஏற்கிறேன்’ பொத்தானும் இருந்தது. அழுத்தலாமா?

பதில்: புதிய நேரம் உங்களுக்கு ஒத்துவருமா என்று முடிவு செய்யும்வரை அழுத்தாதீர்கள். மாற்றம் நிறுவனத்தால் வந்தது என்பதால், கட்டண எழுத்து எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் வேறு விமானம் இலவசமாகக் கேட்கும் வாய்ப்பு இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஏற்றுக்கொண்டதும் அது போய்விடும். எந்த விமானம் வேண்டும் என்று முதலில் நீங்களே தேடி, எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். அதே நிறுவனம், ஒரு நாள் முன் பின் என்றால் சுலபமாக நடக்கும். அமெரிக்காவுக்குள்ளோ, அங்கிருந்தோ, அந்த நாட்டுக்கோ பறப்பவர்களுக்கு 2024-இல் வந்த விதி தெளிவானது: உள்நாட்டில் 3 மணி நேரம், வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரம் அல்லது அதற்கு மேல் நேரம் நகர்ந்து, நீங்கள் அதை ஏற்காவிட்டால், முழுப் பணமும் திரும்ப வர வேண்டும்.

மாற்றிய பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பி.என்.ஆர். வேறு, டிக்கெட் வேறு. பி.என்.ஆரில் புதிய விமானம் உறுதியானதாகத் தெரியும். உள்ளே டிக்கெட் இன்னும் பழைய விமானத்தின் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கும். செக்-இன் செய்யும்போது ‘டிக்கெட் இல்லை’ என்று கணினி நிறுத்தும். வரிசையில் நிற்கும்போது அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது போகும். விமானம் தவறவும் கூடும். எனவே மாற்றிய அன்றே, ‘டிக்கெட் ரீஇஷ்யூ (புதிதாக வெளியீடு) ஆகிவிட்டதா?’ என்று கேட்டு, புதிய இ-டிக்கெட் ரசீதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் 13 இலக்க டிக்கெட் எண்ணும், உங்கள் புதிய விமான எண்ணும் தேதியும் சேர்ந்து இருக்க வேண்டும். அப்கிரேடு செய்திருந்த டிக்கெட் என்றால், மேல் வகுப்பும் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். நேர மாற்றத்தில் அப்கிரேடு உதிர்ந்துவிடுவதுண்டு. நிறுவனம் செய்த மாற்றம் என்பதால் திரும்பக் கேட்கும் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது.

நீங்களாகவே தேதி மாற்றும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. முதலில் புதிய தேதியில் அப்கிரேடு இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு டிக்கெட் மாற்றம். பிறகு அப்கிரேடு மாற்றம். மூன்றும் ஒரே போன் அழைப்பில், ஒரே ஊழியரிடம் முடிய வேண்டும்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் மைலில் டிக்கெட் எடுத்து, கூட்டணியிலுள்ள இன்னொரு நிறுவனத்தில் பறக்கிறேன். மாற்றம் யாரிடம் கேட்பது?

பதில்: டிக்கெட்டை வெளியிட்டவரிடம். டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் அதைச் சொல்லிவிடும்: 016 யுனைடெட், 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 176 எமிரேட்ஸ், 220 லுஃப்தான்சா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். பறக்கும் நிறுவனத்திடம் இருக்கை எண்ணும் உணவும் கேட்கலாம்; அதற்கு அவர்களுடைய பி.என்.ஆர். தனியாக இருக்கும், வெளியிட்டவரிடம் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வழி எடுத்த பண டிக்கெட்டுக்கும் முதலில் ஏஜென்ட்தான். ஒரு நிறுவனத்தின் எண்ணில் விற்று இன்னொன்று பறக்கும் கோட்ஷேர் டிக்கெட்டில் மைல் அப்கிரேடு பெரும்பாலும் நடக்காது.

கேள்வி: மைல் டிக்கெட்டை ரத்து செய்தேன். ஒரு பகுதி மைல் திரும்பவே இல்லை.

பதில்: அந்த மைல்களின் காலம் இடையில் முடிந்திருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் போன்ற திட்டங்களில் மைல் சேர்ந்து மூன்று ஆண்டில் காலாவதி. ரத்து செய்யும் நாளில் காலம் கடந்திருந்தால் பல திட்டங்களில் அவை கணக்குக்கு வராது. அப்படிப்பட்ட டிக்கெட்டை ரத்து செய்யாமல் தேதி மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கன் நிறுவனத்தின் திட்டத்தில் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் மைல் போகும். யுனைடெட், டெல்டா இரண்டிலும் காலாவதியே கிடையாது.

கேள்வி: டிக்கெட்டில் பெயரில் ஓர் எழுத்து தவறு. அப்கிரேடு செய்த பிறகு திருத்தலாமா?

பதில்: அதற்கு முன்பே திருத்துங்கள். பெயர் திருத்தும்போது சில நிறுவனங்கள் டிக்கெட்டைப் புதிதாக வெளியிடும். அப்போது அப்கிரேடை மறுபடி போட வேண்டி வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஓரிரு எழுத்துத் திருத்தம் எளிது. ஆளையே மாற்றுவது பெரும்பாலான நிறுவனங்களில் நடக்காது. மைல் சேராமல் போவதற்கும் இந்தப் பெயர் வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: மைல் கொடுத்து பிசினஸ் உறுதியானது. கடைசி நேரத்தில் சிறிய விமானம் போட்டு எகானமிக்கு இறக்கிவிட்டார்கள். மைலை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: மைலும் அதோடு கட்டிய ரொக்கமும் திரும்ப வருவது குறைந்தபட்சம். அப்கிரேடுக்காகவே விலை கூடிய எழுத்தில் டிக்கெட் வாங்கியிருந்தால், அந்த வித்தியாசத்தையும் சேர்த்து எழுத்து மூலம் கேளுங்கள். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கேட்காவிட்டால் நிச்சயம் கிடைக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் என்றால், அல்லது அங்கே போகும் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானம் என்றால், 261/2004 என்ற ஒழுங்குமுறையின் 10-ஆம் பிரிவு இருக்கிறது. வகுப்பு இறக்கப்பட்டால் அந்தப் பயணப் பகுதிக்குரிய கட்டணத்தில் 1,500 கி.மீ. வரை 30 சதவீதம், பொதுவாக 3,500 கி.மீ. வரை 50 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம், 7 நாளுக்குள் தர வேண்டும். மைலேஜ் திட்டத்தில் எடுத்த டிக்கெட்டுக்கும் இந்த ஒழுங்குமுறை பொருந்தும். கோருவதற்கு பிசினஸ் உறுதியானதைக் காட்டும் மின்னஞ்சலும், எகானமி இருக்கை எண் அச்சான போர்டிங் பாஸும் சேர்ந்து வேண்டும். பயணம் முடிந்ததும் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல், மைலும் பணமும் கணக்கில் ஏறும்வரை வைத்திருங்கள்.